உப்புக்கோடு

எந்தத் தெரு என்று சொல்லமாட்டேன்.
கன்டெய்னர் லாரிகள் மூச்சிரைத்துத் திரும்பும் முனை,
ராயபுரத்தைத் தாண்டி, காசிமேட்டு மீன்வாடை தொடங்குமுன்.
மாதா கோயில் என்றால் ஆட்டோ நிற்கும்.

என் தொழில் ஈரம் பார்ப்பது.
இரண்டு ஊசி உள்ள சின்னக் கருவி.
சுவரில் குத்தினால் ஓர் எண் சொல்லும்,
நான் எழுதிக்கொள்வேன்.

முதல் கோயில் பனையோலை என்கிறது ஜூபிலி மலர்.
இரண்டாவது செங்கல்.
மூன்றாவது, இரண்டாவதை இடிக்க மனமில்லாமலோ
பணமில்லாமலோ
அதையே உள்ளாடையாய் உடுத்திக்கொண்டது.
அதனால்தான் வடசுவர் நாலடிக் கனம், தென்சுவர் இரண்டடி.
அதனால்தான் ஜன்னல்கள் ஒன்றையொன்று
நேருக்கு நேர் பார்ப்பதில்லை.

கூரையில் பதினேழு விட்டம்.
பதினாறு தேக்கு.
ஒன்று பாய்மரம்:
கயிறு அறுத்த பள்ளம் இன்னும் இருக்கிறது,
கட்டைவிரல் சரியாகப் பொருந்துகிறது.

சுவரைச் சுரண்டினேன்.
யாரோ சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய மாம்பழ மஞ்சள்,
அதன்கீழ் ஆஸ்பத்திரி நீலம்,
அதன்கீழ் கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டைத்தோல் போல.
அதில் நாலு விரல் அழுத்தம்.
பூச்சு காய்வதற்குள் யாரோ சாய்ந்து நின்றிருக்கிறார்,
கொத்தனார் திட்டியிருப்பார்.

தரைக்கு வந்தேன்.
பிரதான வாசலிலிருந்து கிராதிவரை
ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் அல்ல,
கொஞ்சம் வடக்கே தள்ளி.
மாவு போல உப்பு.

"வருசா வருசம் டைல்ஸ் மாத்துறோம் மேடம்,
வருசா வருசம் பூக்குது"
என்றார் எஸ்தாக்கி, மணியடிப்பவர்,
செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பழைய சாக்கடைக் குழாய் என்றார் பொருளாளர் பிலோமினா சூசை.
எர்த்திங் கம்பி என்றார் செயலாளர்.
ஜூபிலி மலரைப் புரட்டினேன்.
பதினாலாம் பக்கத்துக்கும் பதினைந்தாம் பக்கத்துக்கும் நடுவே
முப்பது வருடம் காணவில்லை.

மின்சாரப் பலகைக்குப் பின்னால்
அடைத்த வாசல் ஒன்று இருந்தது.
பிரதான வாசலில் பாதி அகலம்,
குனிந்துதான் நுழைய வேண்டும்.
அதிலிருந்து நூல் பிடித்தேன்.
நூல் கோட்டுக்கு இணையாக ஓடியது,
கோட்டைத் தொடவேயில்லை.
அப்போது கருவியைக் கீழே வைத்தேன்.

இரண்டடிக்கு இரண்டடி தோண்ட அனுமதி கிடைத்தது.
மூன்று வரிசை செங்கல்,
மேல்விளிம்பு ரம்பப்பல்.
ஆள் உயரச் சுவராக இருந்திருக்க வேண்டும்,
அல்லது ஆளை மறைக்கும் உயரம்,
அது வேறு அளவு.

இடித்திருக்கிறார்கள். கொத்தனார் வேலையல்ல,
அவசர வேலை.
கடப்பாரை இறங்கிய தடங்களை எண்ணினேன்,
என் வழக்கம் அது.
குழிக்குள் பதினொன்று.
பத்து வடக்கிலிருந்து,
குறுகிய வாசலின் பக்கத்திலிருந்து.
ஒன்று தெற்கிலிருந்து.
ஆழமில்லை. பழக்கமில்லாத கை.
ஒருமுறை ஓங்கிவிட்டு
போய்விட்டாரா, பிடித்து இழுத்தார்களா,
செங்கல் அதற்குமேல் பேசவில்லை.

எஸ்தாக்கி வந்து குழியோரம் குந்தினார்.
செல்போன் சட்டைப்பையில் இருந்தது.
"மூடிடலாமா?" என்றார், வெகுநேரம் கழித்து.

வரைபடத்தில் அதற்கு ஒரு பெயர் வேண்டும்.
சுவர் என்று எழுதி அடித்தேன்.
வேறொரு சொல்லும் எழுதி அடித்தேன்,
அது கட்டட நூலில் இல்லாத சொல்,
எல்லோருக்கும் தெரிந்த சொல்.
கடைசியில், 'பழைய அடித்தளம், நீளம் இருபத்தொரு மீட்டர்.'
பரிந்துரை: டைல்ஸ் வேண்டாம்.
சுண்ணாம்புத் தரை போடவும்.
உப்பு வெளியே வரட்டும், தடுக்கக் கூடாது.

கிளம்பும்போது சனிக்கிழமைச் சாயங்காலம்.
எஸ்தாக்கி கோட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார்.
ஒரு முறம் நிறைய.

"எங்க கொட்டுவீங்க?"

"கடல்லதான். அங்கேர்ந்துதான வந்துச்சு."

அங்கேயிருந்து வரவில்லை.
நான் சொல்லவில்லை.
ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
அடைத்த வாசலை ஒருமுறை பார்த்தேன்,
மின்சாரப் பலகையில் சிவப்பு விளக்கு
எரிந்தபடி இருந்தது.